அக்காவின் பாட்டிலில் கிடந்த கேள்வி

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் அறிஞர் பெருந்தகையே! ஆய்வுப் பொருள் தேடி அலையும் மாணவச் செல்வங்களே! அவர்களைப் பெற்றெடுத்த தாய்மார்களே! இப்போதே கடிகாரத்தைத் தட்டிக் காட்டும் விழாக்குழு நண்பரே! அனைவருக்கும் என் வணக்கம்.

பணியிடப் பாதுகாப்பில் ஆய்வுக்கான கேள்வியை எங்கே கண்டெடுப்பது? நூலகத்திலா? நுண்ணறிவிலா? நானும் அப்படித்தான் நம்பினேன். ‘சலவைப் பணியாளர்கள் கையுறை அணியாதது ஏன்?’ என்று நாற்பது பக்கம் எழுதிக்கொண்டு, மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குள் மிடுக்காக நுழைந்தேன்.

அங்கே வேலை பார்ப்பவள் என் அக்கா. படுக்கை விரிப்பில் மறைந்திருந்த ஊசி அவள் உள்ளங்கையில் ஏறி மூன்று வாரம் ஆகியிருந்தது. நோய் தொற்றியதா என்பதை ஆறாம் மாத ரத்தப் பரிசோதனைதான் முடிவாகச் சொல்லும் என்றார்கள். அதுவரை தன் குழந்தைக்கு நகம் வெட்டிவிடக்கூடப் பயந்தாள்.

என் கேள்வியைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“கையுறை போட்டுட்டுத்தான்டி இருந்தேன். அதோட சேத்துக் குத்திருச்சு. ஊசி ஏன் துணிக்குள்ள வருதுன்னு கேட்டியா? பெருசா படிச்சுக் கிழிச்சுட்ட!”

சிரிக்காதீர்கள் ஐயா, எனக்கு நாற்பது பக்கம் போயிற்று!

பிறகு அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்தாள். உள்ளே, துணிகளில் அகப்பட்ட ஊசிகள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு பிளாஸ்திரி, அதில் வார்டு எண்! யார் எழுதச் சொன்னார்கள்? யாருமே சொல்லவில்லை!

“என்னிக்காவது ஒருத்தர் கேப்பாங்கல்ல, அதுக்குத்தான்” என்றாள்.

மலைத்துப் போனேன். அலுவலகப் பதிவேட்டில் ஒன்றுகூட இல்லை. அந்தப் பாட்டிலில் நூற்றுப் பன்னிரண்டு! பாதிக்கு மேல் ஏழாம் வார்டு.

அந்த வார்டுக்கு ஓடினேன். பயன்படுத்திய ஊசியைப் போடும் பெட்டி தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது.

“ஊசி போட்டதும் நோயாளி என் கையப் பிடிச்சுக்கிறாங்க. உதறிட்டு ஓடச் சொல்றீங்களா?” என்றார் செவிலியர். அந்த ஒரு நிமிடம் ஊசி கட்டிலில் கிடக்கிறது. அடுத்த நிமிடம் விரிப்போடு சுருண்டு போகிறது.

கட்டிலுக்கும் பெட்டிக்கும் எத்தனை அடி? அம்மம்மா, எவ்வளவு சின்னக் கேள்வி! எத்தனை உயிர்களைத் தாங்கிய கேள்வி! பெட்டிகளைக் கட்டிலருகே மாற்றினோம். மூன்று மாதமாக ஏழாம் வார்டிலிருந்து ஒரே ஓர் ஊசிதான் வந்திருக்கிறது.

இன்று காலை அக்காவின் பரிசோதனை முடிவும் வந்தது. ஒன்றுமில்லை! ஒன்றுமே இல்லை!

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள், ஆனால் எனக்கல்ல! மூன்றாம் வரிசையில் அமர்ந்து ‘போதும், இறங்குடி’ என்று கையைக் காட்டுகிறாளே, அவளுக்குத் தட்டுங்கள். நான் மேடையேறும்போது அவள் மடியிலிருக்கும் குழந்தைக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

செவிமடுத்த உங்களுக்கும், கேட்கக் கற்றுத்தந்த அவளுக்கும் நன்றி. வணக்கம்!