ருஷ்யாத் தொரையும் மத்தியானப் பீரங்கியும்

"படு. எல்லாரும் படு."

தொரை கத்துகிறார். ருஷ்யப் பேச்சில் கத்துகிறார். நாற்காலி கவிழ்கிறது. பாதி முகத்தில் சோப்பு நுரை. கட்டிலுக்கடியில் பாய்கிறார். என் கையையும் பிடித்து இழுக்கிறார். அரிசி களைந்த தண்ணீரோடு நானும் தரையில் விழுகிறேன்.

தொம். ஒரே சத்தம்தான். ஜன்னல் கண்ணாடி கிர்ரென்கிறது. கூரைமேல் காக்கைகள் எழும்புகின்றன. அப்புறம் ஒன்றுமில்லை. தெருவில் மொஹிங்கா, மீன்சாற்றுச் சேவை விற்கிறவள் கூவிக்கொண்டே போகிறாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. விழுந்தது குண்டு இல்லை. ரங்கூன் துறைமுகத்தில் தினமும் பன்னிரண்டு மணிக்கு வெடிக்கும் பீரங்கி. கப்பல்காரர்கள் கடிகாரம் திருத்த. ஊரே அதைக் கேட்டுச் சோற்றுக்கு உட்காரும். எங்கள் தொரை கட்டிலுக்கடியில் கிடப்பார்.

வருஷம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. படிக்காதவள். ஜெர்மன் சண்டை ஓய்ந்துவிட்டது. ருஷ்யாவில் ராஜாவைக் கொன்று, தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டதும் ஓய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு. போட்டாதாங்கில், படகுத்துறைக்குப் பின்னால், மரவீடு. வாடகை குறைவு என்று பிடித்தார். பீரங்கி அவ்வளவு கிட்டே என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

பெயர் ஸ்தெபான் ஆந்திரேயிச். என் வாயில் நுழையாது. தொரை என்பேன். அவர் தமிழ் என்னிடம் கற்ற தமிழ். அதனால் யாரைப் பார்த்தாலும் நீதான். வீட்டுக்காரச் செட்டியார் வந்தால் "வந்துட்டியா, குந்து" என்பார். செட்டியார் முகத்தைப் பார்க்கவேண்டுமே. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அவர் படிப்பு மனசைப் பற்றிய படிப்பு. பீட்டர்ஸ்பர்க்கில் படித்தாராம். அங்கே நாய்களை வைத்துப் பார்ப்பார்களாம். மணியடிப்பது, சோறு வைப்பது. நாளாக நாளாக, மணியடித்தாலே நாய்க்கு எச்சில் ஊறுமாம்.

"இதுக்கா தொரை அவ்ளோ பெரிய படிப்பு? எங்க தெரு நாய் நான் சட்டியைத் தொட்டாலே வருமே" என்றேன்.

"நீ அங்க பொறந்திருந்தா பெரிய வாத்தியார் ஆயிருப்பே" என்றார்.

பிறகு காஸான் என்ற ஊரில் பெரிய காலேஜில் வாத்தியார். ஞாபகம் எப்படி நிற்கிறது என்று தடித்த புத்தகம் ஒன்று எழுதினார். அச்சுக்குப் போகுமுன் சண்டை. ராணுவ ஆஸ்பத்திரியில் போட்டார்கள். உடம்பில் காயமே இல்லாமல் கை நடுங்குகிறவன், பேச்சு நின்றவன், இவர்களைப் பார்க்கும் வேலை. அப்புறம் ஊரே இரண்டாகி அடித்துக்கொண்டது. பெண்டாட்டி, இரண்டு பையன்களோடு ரயிலில் கிழக்கே ஓடினார். பனி. ரயில்மேல் பீரங்கிக் குண்டு. தண்டவாளத்தில் ஊதல் சத்தம், அப்புறம் இடி. தனியாளாக ஷாங்காய் வந்தார். அங்கிருந்து ரங்கூன்.

அவர் ஒரேயடியாய்ச் சொன்னதில்லை. துண்டு துண்டாய்ச் சொன்னார். அரிசி பொறுக்குகிற நேரத்தில் சொன்னார்.

மழை நின்று பர்மாக்காரர்களின் விளக்குத் திருநாள் வரும் மாதம், போலீஸ் வீட்டுக்கு வந்தது. தொரை எந்த நாட்டுக் காகிதமும் கையில் இல்லாத ஆள். நிலையான வேலை காட்டவேண்டும். இல்லையென்றால் கப்பலேறவேண்டும். அதே மாதம் காலேஜில் மனசுப் பாடத்துக்கு ஆள் தேடினார்கள். பொங்கல் கழிந்து காலேஜ் பெரியவர்கள் முன்னால் ஒருநாள் பாடம் நடத்திக் காட்டவேண்டும். பதினொன்றுக்கு ஆரம்பம். நடுவில் பன்னிரண்டு வரும். பீரங்கி வரும்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு இருட்டு. பகலிலும் இருட்டு.

நான் எனக்குத் தெரிந்த வைத்தியம் செய்தேன். பயந்த பிள்ளைக்கு எங்களில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கிக் கொடுப்போம். கரண்டிக்காம்பைக் காய்ச்சினேன். சுர்ரென்றது. மறுபேச்சில்லாமல் குடித்தார். பக்கத்து வீட்டு மா சேன், பர்மாக்காரி, பயத்தில் உயிர் பட்டாம்பூச்சியாய்ப் பறந்துவிட்டது என்று சோறும் வாழைப்பழமும் வைத்து வாசலில் நின்று கூப்பிட்டாள். பீரங்கி வெடித்தது. மனுஷன் மறுபடியும் கட்டிலுக்கடியில்.

அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "திடீர்னு வர்றதுதான் கொல்லுது. முன்னாடியே சொல்லிடு" என்றார். என் பித்தளைத் தட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். பீரங்கிக்குக் கொஞ்சம் முன்னால் நான் அகப்பைக் காம்பால் ஓங்கி ஒரு அடி. டாங். அவர் தானாகவே போய்ப் படுப்பார். காதைப் பொத்துவார். தொம். எழுந்து வருவார். சட்டையைத் தட்டிக்கொண்டு, "இன்னிக்கு விழலே. படுத்தேன்" என்பார்.

இப்படியே பொங்கல் வந்தது. அன்று நான் கோயிலுக்குப் போய்விட்டேன். தட்டு அடிக்க ஆளில்லை. திரும்பி வருகிறேன், வாசலிலேயே நிற்கிறார். "முனியம்மா, பீரங்கி வெடிச்சுது. நான் டீ குடிச்சிட்டிருந்தேன். ஒரு சொட்டுக்கூட சிந்தலே." குழந்தைபோல் டம்ளரைக் காட்டுகிறார். மறுநாளும் தட்டு வேண்டாம் என்றார். அதற்கு மறுநாளும். பீரங்கி வெடித்தது. நின்றார். நான் தட்டை அலசிப் பரணில் போட்டேன்.

பாடம் நடத்தும் நாள் காலேஜுக்கு நானும் போனேன். தாழ்வாரத்து ஜன்னலோரம் நின்றேன். பியூன் அந்தோணி நம்ம ஆள். "உங்க தொரை இங்கிலீஷு நல்லாத்தான் பேசுறாரு. எனக்கே புரியுதுக்கா" என்றான். உள்ளே பெரியவர்கள் முன்வரிசையில். பையன்கள் பின்னால். தொரை கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார். அப்படி ஒரு முகத்தை வீட்டில் நான் பார்த்ததில்லை.

வெயில் உச்சிக்கு வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன்.

தொம்.

தூரத்தில். மெதுவாக. தொரை பேச்சை நிறுத்தவே இல்லை. கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். சிரித்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கும்பிட்டேன்.

அந்தோணி சுத்தியலை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக் கோடிக்குப் போனான். அங்கே ஒரு வெண்கலத் தட்டு தொங்குகிறது. மத்தியானத்துக்கு மட்டும் அடிக்கிற மணி.

டாங்.

"படு. மீஷா, படு."

மேசை கவிழ்ந்தது. சாக்பீஸ் உருண்டது. தொரை தரையில். காதைப் பொத்திக்கொண்டு, முழங்கால் நெஞ்சில். அந்தோணி பன்னிரண்டும் அடிக்கவேண்டுமே. டாங். டாங். ஒவ்வொன்றுக்கும் உடம்பு தூக்கிப் போடுகிறது. முதலில் பையன்கள் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றது. அது சிரிப்பைவிட மோசம்.

"அந்தோணி, அடிக்காதே. அடிக்காதேடா" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். மணி ஓய்ந்தது. தொரை கண்ணைத் திறந்தார். வேர்வை. உதடு வெள்ளை.

"பீரங்கிக்கு நான் பயப்படலே. பாத்தியா?"

"பாத்தேன் தொரை."

"பயம் போகலே. உன் தட்டுக்குள்ள போய் உக்காந்துடுச்சு. நாய்ங்ககிட்ட பாத்தேன். என்கிட்ட பாக்கலே." அப்புறம் முகம் மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது. "இதைத்தான் சொல்லணும். இவங்களுக்கு இப்பவே சொல்லணும்" என்று எழுந்தார்.

முன்வரிசை காலி. பெரியவர்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வேலை வேறொருவருக்குப் போனது. போலீஸ் மறுபடி வந்தது. சித்திரைத் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால் கப்பல். படகுத்துறைக்கு நான் மட்டும் போனேன். ஒரே ஒரு பெட்டி. ஏறுமுன் சொன்னார்: "என் ஆளுங்க பேரைச் சொல்ல இந்த ஊர்ல நீ ஒருத்திதான். சொல்லு, கேக்குறேன்." சொல்லிக் காட்டினேன். இரண்டு தரம் திருத்தினார்.

இப்போதும் சொல்கிறேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

வேரா. பெண்டாட்டி. ரயிலில் காய்ச்சலில் போனாள். பேர் தெரியாத ஸ்டேஷனில் உடம்பை இறக்கிவிட்டார்கள். கோல்யா. பெரிய பையன். பெட்டியின் கூரையில் குண்டு. மீஷா. சின்னவன். குளிரில். அவனுக்குச் சூடு வேண்டுமென்று தடித்த புத்தகத்தைத் தாள் தாளாக அடுப்பில் போட்டார். புத்தகம் முழுதும் தீர்ந்தது. விடியும்போது பையனும் போய்விட்டான். மூன்று பேர், ஒரு புத்தகம். அப்புறம் அவரே. கப்பல் போனது. ஒரு சேதியும் இல்லை. எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியாமல் அவரைத் தனியாக வைத்திருக்கிறேன்.

என் பக்கம் ஒருவர். ஜெர்மன் சண்டையில் பட்டாளத்துக்கு மூட்டை தூக்க பஸ்ராவுக்குப் போன என் வீட்டுக்காரர். உடம்பும் வரவில்லை, துணியும் வரவில்லை. புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. உயிரோடு இருந்தபோது ஒருநாளும் சொன்னதில்லை. அன்று துறையில் தொரை கேட்டார், "உன் ஆள் பேரு?" அப்போதும் வாய் வரவில்லை. கப்பல் வளைவில் மறைந்த பிறகுதான் ஆற்றைப் பார்த்துச் சொன்னேன்.

ஏழுமலை.