பேப்பரில் வந்த மருந்து

கொடைக்கானலிலிருந்து அடுக்கம் போகும் ஜீப்பில் என் எதிரே நர்ஸ் உடுப்பில் ஒரு பெண்ணும், கல்லூரியில் படிக்கும் அவள் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏலே, ஒன் மருந்து எந்தக் கடையில கெடைக்கும்னு நம்ம அடுக்கத்து மாமா கேக்குறாரு."

"அது மருந்தே இல்லக்கா. ஆயிரக்கணக்கான ரசாயனத்தக் கம்ப்யூட்டர்ல போட்டு, எது டிபி கிருமியத் தடுக்கும்னு சலிச்சுப் பார்த்தோம். நாலஞ்சு தேறுச்சு. இன்னும் ஒண்ணையும் கையால செஞ்சுகூடப் பாக்கல."

"மருந்து கண்டுபிடிச்ச மாணவன்னு பேப்பர்ல போட்டிருக்கு?"

"அவங்களா போட்டுக்கிட்டாங்க."

"குப்பியத் தூக்கிப் பிடிச்சுப் பல்லக் காட்டுனது யாரு? அவங்களா?"

"கம்ப்யூட்டர் முன்னால இருந்தா எடுப்பா இருக்காதுன்னு போட்டோக்காரர்தான் பிடிக்கச் சொன்னாரு."

"உள்ள என்ன இருந்துச்சு?"

"பைப்புத் தண்ணி."



"அந்தத் தண்ணி வரட்டும்னுதான்டா நான் குடுக்குற டிபி மாத்திரைய மாமா ஒரு மாசமா முழுங்கல. நேத்துலருந்து ரத்தமா இருமுறாரு. எறங்குனதும் நீயே போய்ச் சொல்லு."

அடுக்கம் வந்தது. தம்பி எழுந்திருக்கவில்லை.

"நீயும் கூட வாக்கா."

"குப்பியப் பிடிக்கையில என்னையக் கூப்பிட்டயா?"