பழைய போனில் திறக்காத பக்கம்

கள்ளக்குறிச்சியில் பஸ் கிளம்பியதும் முன் சீட்டு இளைஞன் பக்கத்தில் இருந்தவரிடம், "எங்கம்மாவ நாந்தான் வெளிய நிறுத்திட்டேன் மாமா" என்றான். எனக்குக் காது இன்னும் நன்றாகவே கேட்கும்.

"இன்னாடா சொல்ற?"

"நெல்லு அறுக்கிற மிஷினுக்கு போனுல புக் பண்றாங்கல்ல, அந்தப் பக்கத்த எங்க ஆபீஸ்ல நாந்தான் எழுதினேன். பழைய பிரவுசர்னா நெட்டு வழியா திருடன் ஈசியா பூந்துடுவான். அதான் பழைய போனுல தொறக்காதபடி பண்ணிட்டேன். அம்மா போனும் பழசு."

"உங்கிட்ட கேக்கலாமில்ல?"

"நான் வேலையா இருப்பேன்னு கேக்கலியாம். மிஷினு வரல. மழையில நெல்லு சாஞ்சி மொளைச்சிப் போச்சி."

மாமன் அவன் பக்கம் திரும்பி, "திருடன் எவனாச்சும் வந்தானா?" என்று கேட்டார்.

"ஒருத்தனும் வரல மாமா. அதுக்குத்தான் ஆபீஸ்ல எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் சிரிச்சிக்கினு நின்னேன்."