ரெண்டு தட்டு

மணி மத்தியானம் ரெண்டரை.

நடுராத்திரி என்று ஆரம்பிப்பேன் என்றுதானே போர்வையைக் கழுத்துவரை இழுத்தீர்கள்? இறக்குங்கள், வேர்க்கும். இது அக்னி நட்சத்திரத்து ஞாயிற்றுக்கிழமையில், பட்டப்பகலில் நடந்தது. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு குறுக்குத் தெரு. கதவெல்லாம் சாத்தி, ஜன்னலெல்லாம் சாத்தி, ஏசி ஓடுகிற சத்தம் மட்டும்… தெருவில் ஒரு நாய்கூட இல்லை. தார் இளகி நாறுகிறது. அங்கே ஒரு பழைய தண்ணி லாரி. லாரிக்கு அடியில் மல்லாந்து ஒரு ஆள்.

அந்த ஆள் பாலகணேஷ். நம்ம ஜவஹரோட சித்தப்பா மகன். ஜவஹர் வாயைத் திறந்தால் பொய், தெரியும். ஆனால் இதைச் சொன்னபோது அவன் தட்டில் பாதி பிரியாணி அப்படியே இருந்தது. அதனால்தான் நான் நம்பினேன்.

பாலகணேஷுக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். தி. நகரில் மாமாவின் ஜவுளிக்கடையில் பத்து வருஷம் புடவை மடித்தான். ஒருநாள், “இனிமே மடிக்க மாட்டேன் மாமா”ன்னு சொல்லிவிட்டு இறங்கி வந்து இந்த லாரியை வாங்கினான். மாமா சிரித்தார். “ஓட்டு, ஓட்டு. உன் ஸ்டூல் இங்கேயேதான் கிடக்கும்.” அந்த ஸ்டூல்தான் அவனுக்குப் பேய். மற்றதெல்லாம் அப்புறம் வந்தது.

லாரி சல்லிசாகக் கிடைத்ததற்குக் காரணம், காத்து நிற்காது. லாரி பிரேக் காத்தில் வேலை செய்கிறது. இன்ஜின் ஓடினால் டேங்கில் காத்து ஏறும், மீட்டரில் முள் எட்டுக்கு வரும். இந்த லாரியில் இன்ஜினை அணைத்து ஒரு டீ குடிப்பதற்குள் முள் படுத்துவிடும். ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற சந்தில் அந்த வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போதெல்லாம் பாலகணேஷ் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். அந்தக் கசிவைக் கண்டுபிடிக்கணும், இல்லை வண்டியை விற்றுவிட்டு ஸ்டூலுக்குப் போகணும்.

மந்தைவெளி மெக்கானிக் குல்ஷன், பைப் பைப்பாகச் சோப்புத் தண்ணி விட்டுப் பார்த்தார். கசிகிற இடத்தில் நுரை கிளம்பணும். ஒரு குமிழ்கூடக் கிளம்பவில்லை.

“இன்னா அண்ணாச்சி, காத்து எங்கியும் போவல. ஆனா போவுது.”

“நல்லாச் சொல்லுதீங்க அண்ணே. இதுக்கு எங்க மாமாவே தேவலை.”

இதற்கு நடுவில் இன்னொரு சங்கதி. வண்டி உருளாமல் இருக்க, பின் சக்கரத்துக்கு ஒரு மரக்கட்டை போடுவார்கள் இல்லையா? லாரியோடு அதுவும் வந்திருந்தது. பச்சைப் பெயிண்ட், முனையில் சிவப்பு நைலான் கயிறு. கட்டை போடுவது கிளீனர் வேலை. பாலகணேஷிடம் கிளீனர் கிடையாது. ஆனால் அவன் நிறுத்திவிட்டு இறங்கிப் போய்ப் பார்ப்பதற்குள், இடது பின் சக்கரத்துக்கு அடியில்… கட்டை இருக்கும்.

கிளம்பும்போது பின்னால் பாடியில் ரெண்டு தட்டு. டொக். டொக். கட்டையை எடுத்தாச்சு, போகலாம் என்று அர்த்தம். உலகத்துக் கிளீனர் எல்லாரும் தட்டுகிற தட்டு. கண்ணாடியில் பார்த்தால் யாரும் இல்லை. கட்டை அதன் கொக்கியில் ஆடிக்கொண்டிருக்கும்.

நீங்களோ நானோ என்றால் சாவியை எறிந்துவிட்டு ஓடியிருப்போம். நான் செருப்பையும் விட்டுவிட்டு ஓடியிருப்பேன். பாலகணேஷ் ஜவுளிக்கடைக்காரன். சம்பளம் கேட்காத ஆள் என்று வைத்துக்கொண்டான். ஒருமுறை நிஜமாகவே ஒரு கிளீனர் வேலைக்கு வந்தான். ஒரே நாள். “நான் கட்டைய எடுக்கக் குனியறதுக்குள்ள வேற யாரோ எடுக்கறாங்க சார்” என்று அழுதுகொண்டே பஸ் ஏறிவிட்டான்.

அப்போதுதான் பாலகணேஷ் குல்ஷனிடம் கேட்டான். குல்ஷன் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

“மெஹபூப் பாய் நைனா அது. மெஹபூப் அலி. இந்த வண்டி டிரைவர் கணேசமூர்த்திக்கு இருபது வருசம் கிளீனரு. ரெண்டு பேரும் ஒரே தட்டுல துன்னுவானுங்க. கணேசமூர்த்தி வாயில எப்பவும் வெத்தல, பன்னீர்ப் பொகையில. பாய் ரெண்டு தட்டு தட்டாம கணேசமூர்த்தி கியர் போட மாட்டான். ஒரே ஒரு வாட்டி போட்டான். பாய் வண்டி அடீல காத்து ஓஸ் பாத்துக்கினு இருந்தாரு. இவன் ஏதோ போன் பேசிக்கினே…” குல்ஷன் கையைத் துணியில் துடைத்தார். “அதுக்கப்புறம் அவன் சீட்டுல ஏறவே இல்ல. கொஞ்ச நாள்ல பக்கவாதம். நங்கநல்லூர்ல பொண்ணு ஊட்டுல படுத்துக்கினு கீறான். பேச்சு இல்ல. வலது காலு மட்டும் அமுக்கிக்கினே கீது… பிரேக் மிதிக்கிறாப்ல. ஆறு வருசமா.”

பாலகணேஷ் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. ஆனால் லாரியை விற்கவும் இல்லை.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். சென்னையில் மேடு பள்ளம் கிடையாது. ஆனால் ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுப் போட்டு வீடெல்லாம் பள்ளத்துக்குப் போய்விட்டது. அந்த அடுக்குமாடி வீட்டு கேட்டும் அப்படித்தான். ரிவர்ஸில் இறக்கினால் லாரி பின்பக்கம் சாய்ந்துதான் நிற்கும். தண்ணியை இறக்கி முடித்தான். செல்ஃப் எடுக்கவில்லை, ஒரு வாரமாகவே அது தகராறு. முள்ளோ இறங்கிக்கொண்டே இருந்தது. அப்போது… பின்னால் இடது பக்கம், மெல்லிசாக, ‘ஸ்ஸ்ஸ்…’

கசிவு! ஒருவழியாகச் சத்தம் கேட்டுவிட்டது. சோப்புத் தண்ணி பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினான். கட்டை இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. சிவப்புக் கயிறு தெரிந்தது. காலை வெளியே நீட்டியபடி அடியில் புகுந்தான்.

ஓஸில் ஊற்றினான். குமிழ் வந்தது. சின்னச் சின்னதாக, கண் விழிக்கிற மாதிரி…

மேலே கேபின் கதவு. கிரீச்… டப்.

லாரியின் முன்பக்கம் லேசாக அமுங்கியது. கனத்த ஆள் ஏறி உட்கார்ந்தால் அமுங்குமே, அப்படி. வெத்திலையும் பன்னீர்ப் புகையிலையும் கலந்த வாசனை. பாலகணேஷ் பாக்குகூடப் போடாதவன்.

“யாருங்க? வாட்ச்மேன் அண்ணனா?”

ஒரு வாரமாகத் தகராறு செய்த செல்ஃப்… ஒரே திருகில் எடுத்தது. இன்ஜின் உறுமியது. பாலகணேஷ் எழப் பார்த்தான். சட்டை ஸ்பிரிங் பட்டையின் போல்ட்டில் மாட்டிக்கொண்டது. இழுத்தான். வரவில்லை. முகத்துக்கு ஒரு சாண் தள்ளி டயர்.

“ஹோல்டான்! ஹோல்டான்! நிறுத்துங்க, அடியில ஆள் இருக்கேன்!”

புடவை மடிக்கிற ஸ்டூல் அந்த நேரத்தில் அவனுக்குச் சிம்மாசனமாகத் தெரிந்ததாம்.

கணுக்காலில் ஒரு கை விழுந்தது. சொரசொரப்பான கை. கிரீஸ் பிசுபிசுப்பு. வெயிலை விடச் சூடு. ஒரே இழுப்பு… சட்டை கிழிய, முதுகு தேய, வெளியே வந்து தாரில் விழுந்தான். சுற்றிலும் பார்த்தான். யாரும் இல்லை. அவன் கண் முன்னால், சிவப்புக் கயிறு விறைத்தது. கட்டை சக்கரத்துக்கு அடியிலிருந்து நிதானமாக நகர்ந்து வெளியே வந்தது.

டொக்.

டொக்.

லாரி கிளம்பியது. பின்னால் ஒரு அங்குலம்கூட உருளாமல், தேர் மாதிரி மேட்டில் ஏறி, ரோட்டோரம் ஒதுங்கி நின்றது. புஸ்ஸ்ஸ்… பிரேக் பிடித்த சத்தம். இன்ஜின் அணைந்தது.

அவன் எழுந்து போய்க் கேபினைத் திறந்தான். காலி. வாசனை மட்டும். முள் எட்டில் நின்றது. பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தான், இறங்கவில்லை. கொக்கியில் கட்டை இல்லை. தெருவிலும் இல்லை.

போன் அடித்தது. குல்ஷன்.

“அண்ணாச்சி… கணேசமூர்த்தி போய்ட்டான். இப்பத்தான், ரெண்டரைக்கு.”

மறுநாள் காலையில் நங்கநல்லூருக்கு லாரியிலேயே போனான். முகம் தெரியாத ஆளின் சாவுக்கு மாலை வாங்கிக்கொண்டு போனான். கூடத்தில் ஐஸ் பெட்டி. உள்ளே பெரியவர். வலது கால் அசையாமல் இருந்தது. பாலகணேஷ் மாலையைப் போட்டுவிட்டுக் குனிந்தான்.

ஐஸ் பெட்டிக்குச் சக்கரம் உண்டு. இடது பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டை. பச்சைப் பெயிண்ட். சிவப்புக் கயிறு.

“இது… யார் வெச்சது?”

மகள் தேவானை மூக்கைச் சிந்தினாள். “தரை வாட்டமா இருக்குல்ல, ராத்திரி பூரா பெட்டி உருண்டுக்கினே இருந்துச்சுண்ணா. காலைல பாத்தா கட்ட இருந்துச்சு. லாரிக்காரங்க யாரோ வெச்சாங்கன்னு நெனச்சேன். நீங்களும் லாரிக்காரர்தானே?”

சவ வண்டி வந்தது. ஐஸ் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பெரியவரை ஏற்றினார்கள். ஆம்பளைகள் உள்ளே உட்கார்ந்தார்கள், பின்கதவைச் சாத்தினார்கள். பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். வண்டிக்குப் பின்னால் வெறும் ரோடு.

டொக். டொக்.

டிரைவர் கியர் போட்டார்.

பாலகணேஷ் உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தான். பெட்டி இருந்த இடத்தில் ஈரம் மட்டும். கட்டை இல்லை. வந்து லாரியில் ஏறி, இன்ஜினைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். துக்கம் தாங்கவில்லை போல என்று தேவானை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் ரெண்டு தட்டுக்காகக் காத்திருந்தான். வரவில்லை. கடைசியில் இறங்கிப் போய் அவனே பாடியில் தட்டிவிட்டு வந்து ஏறினான். இன்றைக்கும் அப்படித்தான். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

காத்து இப்போது இறங்குவதே இல்லை. மெஹபூப் பாயும் போய்விட்டார் என்றுதான் பாலகணேஷ் சொல்கிறான்.

ஆனால் கணுக்காலில் பதிந்த அந்தக் கறுப்பு விரல் தடங்கள் போகவில்லை. சோப்பு, மண்ணெண்ணெய், டீசல்… ஒன்றுக்கும் போகவில்லை. ஜவஹர் தொட்டே பார்த்திருக்கிறான், வெறும் கறைதான். வலியெல்லாம் கிடையாது.

லாரிக்கு அடியில் படுத்தால் மட்டும்… லேசாக இறுகுமாம்.