வண்டிகளுக்கு நான் போட்ட கோடு

எனக்கு கோல்ஃப் விளையாடத் தெரியாது. ஆறு வருடமாக அந்த மைதானத்தில் வேலை பார்த்தும் ஒரு பந்தைக்கூட அடித்துப் பார்த்ததில்லை, ஆசையும் வந்ததில்லை. என் வேலை வண்டிகள். உறுப்பினர்கள் ஏறிக்கொண்டு குழிக்குக் குழி போகிற பேட்டரி வண்டிகள் நாற்பதும் என் பொறுப்பு. நீங்கள் கேட்பதையெல்லாம் சொல்லிவிடுகிறேன், ஐயா. மறைக்க எதுவும் இல்லை.

வண்டிகளுக்கென்று சிமென்ட் பாதை இருக்கிறது. அதில்தான் போக வேண்டும். ஆனால் பெரிய மனிதர்களுக்குப் பாதை எதற்கு? பந்து கிடக்கும் இடம்வரை வண்டியை விட்டுப் புல்லை உழுதுவிட்டு, "என்னப்பா, தரையெல்லாம் இப்படி இருக்கு" என்று நம்மிடமே கேட்பார்கள். உடற்பயிற்சிக்கு வருகிறார்களாம். முப்பது அடி நடக்கச் சொன்னால் மூச்சு வாங்கும். முப்பத்தோராவது அடியில் நிர்வாகத்துக்குப் புகார் போகும்.

அதனால்தான் வண்டி எங்கே நிற்கிறது என்று செயற்கைக்கோள் வழியாகப் பார்க்கும் கருவியை எல்லாவற்றிலும் மாட்டினோம். ஒன்பது நாள் மைதானம் முழுக்க நடந்து, கணினியில் கோடு போட்டவன் நான். வண்டி கோட்டைத் தாண்டினால் மோட்டார் நின்றுவிடும். பின்னால் மட்டும்தான் நகரும். என் அறைத் திரையில் அந்த வண்டியின் புள்ளி சிவப்பாகும். அவசரம் என்றால் ஒரு பொத்தானைத் தட்டி நான் விடுவிக்கலாம்.

முதல் வாரமே ஒருவர் மாட்டினார். ஓய்வு பெற்ற கட்டடக் காண்டிராக்டர். எங்கள் ஷெட்டில் அவருக்குக் குறுக்குவழி என்று பெயர். பதினான்காம் குழிப் பக்கம் வண்டி நின்றதும் போன் போட்டார். இங்கிருந்தே விடுவிக்கிறேன் என்றேன்.

"வேணாம். நீ வா."

போனேன். மூன்று நண்பர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. "தள்ளுப்பா. உன் கோடுதானே, நீயே கொண்டு போய் விடு" என்றார். தள்ளினேன். நண்பர்கள் கைதட்டினார்கள். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. பதினொன்றரை மணி வெயில், நாற்பத்தேழு அடி, அவ்வளவுதான்.

அப்புறம் டாக்டர் கடிதங்கள். உடம்பு முடியாதவர் கடிதம் கொடுத்தால் அவர் வண்டி மட்டும் புல்லில் போகலாம் என்று நிர்வாகம் இரக்கப்பட்டது. ஒரே மாதத்தில் இருபத்து மூன்று பேருக்கு உடம்பு முடியாமல் போனது. ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்கு இடுப்பு, இன்னொருவருக்கு வாயில் நுழையாத ஏதோ ஒன்று. முழங்கால் ஆசாமி, பந்து குழிக்குள் விழுந்த சந்தோஷத்தில் இரண்டடி உயரம் குதித்ததை என் கண்ணால் பார்த்தேன். கடிதங்களைக் கணினியில் பதிய வேண்டியது நான். பல்லைக் கடித்துக்கொண்டு பதிந்தேன், இருபத்து இரண்டை.

மிச்சம் ஒன்று குறுக்குவழியின் கடிதம். அவர் மனைவி கொண்டுவந்தார். என் அறைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேசிய ஒரே ஆள் அந்தம்மாதான்.

"தம்பி, அவருக்கு ரெண்டு தடவ நெஞ்சுவலி வந்துடுச்சு. வீட்ல இருங்கன்னா கேக்க மாட்டேங்கறாரு. இனிமே நானும் கூட வர்றேன், வண்டிய நான்தான் ஓட்டுவேன். ஏதாவது ஒண்ணுன்னா குறுக்கால கொண்டு வந்துடலாமில்ல, அதுக்குத்தான்."

கூடவே ஆஸ்பத்திரி அறிக்கையும் இருந்தது. படித்துப் பார்த்தேன். அந்தக் குவியலில் பொய்யில்லாத ஒரே கடிதம் அதுதான். "பதிஞ்சிடறேம்மா, கவலப்படாதீங்க" என்றேன்.

பதியவில்லை. மறந்துவிட்டேன் என்று முதலில் உங்களிடம் சொன்னது சரியில்லை, திருத்திக்கொள்ளுங்கள். கடிதம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. தினமும் ஒரு தடவை திறந்து, இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். அந்தம்மா ஒழுங்காகப் பாதையிலேயே ஓட்டியதால் இரண்டு மாதம் யாருக்கும் தெரியவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே கால். பதினான்காம் குழிப் பக்கம் ஒரு புள்ளி சிவப்பானது. உடனே போன் வந்தது.

"தம்பி, அவரு சாஞ்சிட்டாரு. பேச்சு இல்ல. குறுக்கால வரப் பாத்தேன், வண்டி நின்னு போச்சு."

அங்கிருந்து முதலுதவி அறைக்குப் புல்வழியாக இரண்டு நிமிடம். பாதை குளத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது, பதிமூன்று நிமிடம். என் விரல் பொத்தானின் மேலேயே இருந்தது.

"பதட்டப்படாதீங்கம்மா. வண்டிய பின்னால எடுங்க. பாதைக்கு வந்துட்டா ஓடும். அப்படியே பாதையிலயே வாங்க."

"அது சுத்தாச்சே தம்பி?"

"அதுதாம்மா வழி."

நம்பினார். புள்ளி பின்னால் நகர்ந்து பச்சையானது. நான் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நர்ஸுக்கு எப்போது சொன்னாய் என்று கேட்டீர்கள். வண்டி கடைசி வளைவுக்கு வந்த பிறகு. முன்பே சொல்லியிருந்தால் அந்த நர்ஸ் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புல்லுக்குக் குறுக்கே ஓடியிருப்பார். வண்டி வந்து நின்றதும் நர்ஸ் அவருடைய நெஞ்சில் கைவைத்துப் பார்த்தார், கொஞ்ச நேரம் அழுத்தினார். பிறகு, ஒரு பத்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் என்று இழுத்தார்.

முந்தின நாள், மறந்துவிட்ட குடையை எடுக்கப் போன ஒருவருக்கு நான் பொத்தானைத் தட்டியதாகக் கணினியில் பதிவாகியிருக்கிறது என்கிறீர்கள். தட்டினேன்தான். ஆக, அந்த மனிதரைச் சாக விட்டவன் நான்தான். தெரிந்தே செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்யவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள், நான் கோபக்காரன் இல்லை.

ஐந்தாம் நாள் அந்தம்மா என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீங்க சொன்னபடியேதான் தம்பி ஓட்டினேன். ஒரு எடத்துலயும் வெலகல. நான்தான் மெதுவா வந்து அவர விட்டுட்டேனோன்னு தூக்கமே வரல."

"இல்லம்மா. நீங்க சரியாத்தான் ஓட்டினீங்க" என்றேன்.

அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக் கும்பிட்டார். நான் சொன்னது பொய்யில்லை, ஐயா. கோடு போட்ட நாளிலிருந்து இவ்வளவு பேரைப் பார்த்துவிட்டேன், அவ்வளவு அழகாக ஒருவரும் ஓட்டியதில்லை. அந்த ஆறுதலையாவது அவருக்குக் கொடுக்க அங்கே என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?