ஒழுகாத மாடி

டீயில சர்க்கரை போதுமா தம்பி? வக்கீல் நம்பர் எங்கயும் ஓடிப் போகாது, எழுதித் தர்றேன். குடிவந்த முதல் மழைக்கே, பக்கத்துல என் மாடி ஒழுகாம இருக்க, உங்க மாடி மட்டும் ஒழுகுதுன்னா வயிறு எரியத்தான் செய்யும். ரெண்டையும் கட்டினது ஒரே கான்ட்ராக்டர்தானே.

ஆனா ஒண்ணு, அவர் வேலை சுத்தம். என் மாடியைப் பூசி முடிச்சதும், தண்ணி போற குழாயைச் சாக்கு வெச்சு அடைச்சு, தளம் முழுக்கத் தண்ணி கட்டி நிறுத்தினார். மறுநாள் வரைக்கும் கீழே உட்கார்ந்து கூரையையே அண்ணாந்து பார்த்தார். பக்கத்துல நான். "அண்ணே, ஒரு சொட்டு விழுந்தா என் பேரை மாத்திக்கிறேன்"ன்னார். விழலை. என் சம்சாரம் போனப்புறம் அப்படி ஒருத்தர் என்கூட உட்கார்ந்து பேசினதே இல்ல தம்பி. வேலை முடிஞ்சுது, சாவியைக் கையில குடுத்தார், போயிட்டார். போன் பண்ணினா, "சைட்ல இருக்கேண்ணே."

அதனால ஒரு உளியை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போனேன். கைப்பிடிச் சுவர் தளத்தோட சேர்ற மூலையில லேசாத்தான் கொத்தினேன். மழை வந்துச்சு, ஒழுகுச்சு, அவரும் அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்தார். பூசிட்டுப் போனார். திரும்பக் கொத்தினேன். கொஞ்ச நாள் நல்லாத்தான் போச்சு. அப்புறம் மேஸ்திரியை அனுப்பிட்டு, தான் வராம இருக்க ஆரம்பிச்சார். எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. கேஸ் போட்டேன்.

கோர்ட் வராந்தாவுல ஒரே பெஞ்சுலதான் உட்காருவோம். "அண்ணே, மொத்தத் தளத்தையும் என் செலவுல புதுசாப் போட்டுத் தர்றேன், கேஸை விட்டுடுங்க"ன்னு கெஞ்சினார். தளம்னா ஒரு மாசத்துல முடிஞ்சிடும், கேஸ்னா வருஷக்கணக்கா இழுக்கும். மாட்டேன்னுட்டேன். கோர்ட் அனுப்பின இன்ஜினீயர் பார்க்க வர்றதுக்கு முந்தி மட்டும் கொஞ்சம் தாராளமாக் கொத்தினேன்.

தீர்ப்பு எனக்குச் சாதகம். ரிப்பேர் காசு சும்மா கொசுறு, மாடியைப் பூசி அடைக்கச் சரியாப் போச்சு. என் வழக்குச் செலவு மொத்தத்தையும் அவர் தலையில கட்டினாங்க பாருங்க, அதுதான் மனுஷனைச் சாய்ச்சிருச்சு. கலவை மெஷினை வித்தார், வீட்டை வித்தார், அப்பவும் பாக்கி. எனக்கு மனசு கேட்கலை. "மாசாமாசம் கொஞ்சமாக் கட்டட்டுங்க, என் கையிலயே கொண்டுவந்து தரட்டும்"னு நானே சொன்னேன். ஜட்ஜே என்னைப் பாராட்டினார்.

தவறாம வந்தார். நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, அதே நாற்காலிதான். டீயைத் தொடமாட்டார். முன்னெல்லாம் வாய்க்கு வாய் அண்ணேம்பார், இப்ப சார். பழகப் பழக மரியாதை கூடியிருக்கு.

உங்க வீட்டு வேலைதான் அவரைத் திரும்ப எழுப்பி உட்கார வெச்சுது. போன மாசம் கடைசித் தவணையை மேஜையில வெச்சுட்டு, "பக்கத்து வீட்டு வேலையும் முடிஞ்சுது, உங்க கணக்கும் முடிஞ்சுது சார். இனி இந்தத் தெருப் பக்கமே வரமாட்டேன்"ன்னார். பாவம், ஏதோ கோபத்துல பேசறார். பேசிச் சரிபண்ண ஒரு சந்தர்ப்பம் வேணாமா?

ரெண்டு மாடிக்கும் நடுவுல ஒரு எட்டுதானே தம்பி. முகத்தை அப்படி வெச்சுக்காதீங்க, உங்களோடதுல நான் கொஞ்சமாத்தான் கொத்தினேன். கேஸ் போடுங்க, வாய்தாவுக்கு நானும் துணைக்கு வர்றேன். அந்தப் பெஞ்சுல மூணு பேர் தாராளமா உட்காரலாம்.