மணிமொழி வில்லி ஆகிவிட்டாள்

செங்கல்பட்டிலிருந்து கிளம்பிய காலை ரயிலில் எனக்கு எதிரே கம்பெனிச் சட்டை போட்ட இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று, "எம் பொண்ணு பேர மாத்தலாம்னு கீறேன் மச்சான்" என்றார்.

"இன்னாத்துக்கு? மணிமொழி நல்ல பேராச்சே" என்றார் நண்பர்.

"அந்தப் படத்துல வர்ற மணிமொழியப் பாத்துட்டுத்தான வச்சேன். எத்தினி தபா பாத்துருப்பேன், கணக்கே கெடையாது. மணிமொழி மாரி ஒரு பொண்ணு உண்டா? இப்ப ரெண்டாம் பாகம்னு எடுத்து அவள வில்லி ஆக்கிட்டானுங்க. புருசனுக்கே வெசம் வெக்கிறா!"

நண்பர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"சிரிக்காத. இன்டர்வெல்லயே எழுந்து வந்துருப்பேன். பொண்ணுதான் வர மாட்டேன்னுட்ச்சி."

"அதுக்குப் புடிச்சிகீதா?"

"இதுதான் புடிச்சிகீதாம். பழைய படத்த வூட்ல கேசட்டு போட்டுக் காட்டுனேன். 'அதுல மணிமொழி சும்மா அழுதுகினே கீறாப்பா, இதுலதான் குதிர ஓட்றா'ன்னுது."

"அப்ப பேர மாத்த வுடாது."

"எங்க வுடுது? ஞாயித்துக்கெழம மறுபடியும் இட்டுகினு போவணுமாம்."

"போறியா?"

சிங்கப்பெருமாள் கோயில் வந்துவிட்டது. அவர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"போவாம? நீயும் வா மச்சான். அவ வெசம் கலக்குறப்ப நான் வெளிய போய் நின்னுக்குவேன். நீ புள்ளையோட குந்திகினு இரு."